விலை போடுவதுதான் கஷ்டமான வேலை

மத்திய அமெரிக்க நாடான குவாதமாலாவின் மேற்கு மலைப்பகுதியில் மாயா பழங்குடிப் பெண்கள் நெய்கிற துணியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்திலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். நிறம் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அந்தத் துணிக்கு விலை எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

அது இடுப்புத் தறி. சில குச்சிகள், கயிறு, ஒரு வார், அவ்வளவுதான். ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையை இடுப்பு வாரில் மாட்டி மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு, உடம்பை முன்னும் பின்னும் சாய்த்தே பாவு நூலை இறுக்குவார்கள், தளர்த்துவார்கள். வேறு வேலை வந்தால் அப்படியே சுருட்டி வைத்துவிடலாம். வசதிதான், ஆனால் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் நெய்வதால் அந்த நேரத்தை யாரும் கூலியில் சேர்ப்பதில்லை, பல சமயம் நெய்தவரே சேர்ப்பதில்லை. பூவேலை நிறைந்த ஒரு ‘வீப்பில்’ (அவர்கள் போடும் மேல்சட்டை) முடிய மாதக்கணக்கில் ஆகும். தனியாகச் சந்தைக்குப் போகும் பெண்ணிடம் இடைத்தரகர் நூல் விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தாலே விற்க வேண்டிய நிலைமை.

கூட்டுறவு மாற்றுவது இதைத்தான். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் செத்தவர்களில் பெரும்பான்மை மாயா மக்கள், கிராமம் கிராமமாக விதவைகள். போர் முடிவதற்கு முன்பே, 1988இல், கெட்சால்தெனாங்கோ நகரத்தில் ட்ராமா டெக்ஸ்டைல்ஸ் தொடங்கியது, நெசவாளிப் பெண்களே நடத்தும் சங்கம். இப்படிச் சேர்ந்து நின்றால் மணிக்கணக்குப் பார்த்து விலை சொல்லலாம். அப்புறம் நியாய வணிகம் (fair trade), அதாவது செய்பவருக்கு நியாயமான விலை கிடைக்கும்படி நடத்தும் வணிகம், அதன் விதிப்படி, கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவரிடம் கேட்டால் குறைந்தது 50% முன்பணம் வட்டியில்லாமல் தர வேண்டும். நூல் வாங்கக் கடன்படாமல் இருக்க முடிவது, என்னைக் கேட்டால், கூடுதல் விலையைவிடப் பெரிய விஷயம்.

ஆனால் துணியில் நெய்யும் வடிவம் யாருடையது என்பதற்கு நியாய வணிக முத்திரையில் பதில் இல்லை. ஊருக்கு ஊர் வேறுபடும் வடிவத்தை ஒரு நிறுவனம் இயந்திரத்தில் அச்சடித்து மலிவாக விற்றால் கூட்டுறவு என்ன செய்யும்? சகாதேபெக்கேஸ் மாகாணத்தின் அஃபெதெஸ் என்ற பெண்கள் அமைப்பினர் 2016இல் இதை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். எங்கள் வடிவங்களைச் சமூகத்தின் கூட்டு அறிவுச்சொத்தாக அறிவியுங்கள், பயன்படுத்துகிறவர்கள் எங்களைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தட்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்திடம் சொன்னது. முத்திரை போட்ட கைப்பை வாங்குவதோடு நம் பங்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வழக்கையும் கொஞ்சம் தேடிப் படிக்கலாம்.