ஒரு முத்தத்துக்கு ஒரு பானை சூப்

பின்னட்டையில் ‘வலிமையான நாயகி’ என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கையில் ஒரு கத்தி, மூக்கு நுனியில் கோபம், யார் சொன்னாலும் கேட்காத பிடிவாதம். அவ்வளவுதான் வலிமை. என் தங்கை மகள் பத்தாம் வகுப்பு. அவள் படித்துத் தள்ளும் இளையோர் நாவல்களை நானும் வாசிக்கிறேன், பாதி ஆசையில், பாதி வேவு பார்க்க. அவற்றில் நிறைய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ போட்ட பாதையில் வந்தவை.

2008இல் வெளிவந்த சுசான் காலின்ஸின் அந்த நாவலில், குலுக்கலில் பெயர் விழுந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் போட்டி டிவியில் ஓடும். நாயகி காட்னிஸுக்கு வயது 16. பின்னால் வந்தவர்கள் அவளுடைய வில்லையும் அம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவள் ஒரு கணக்குப்பிள்ளை. 11 வயதில் அப்பா சுரங்க வெடிவிபத்தில் போய்விடுகிறார். அம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறாள். அடுப்பு எரிவது இவள் பொறுப்பு. திருட்டுத்தனமாக அணில் வேட்டையாடி, பேக்கரிக்காரரிடம் கொடுத்து ரொட்டி வாங்குகிறாள். கூடுதல் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் சாவுக்கு ஆளெடுக்கும் குலுக்கலில் தன் பெயரைக் கூடுதலாகப் போடவேண்டும். அப்படிப் போட்டுப் போட்டு அந்த வருஷம் 20 சீட்டில் அவள் பெயர்.

காதலிலும் கணக்குதான். போட்டியில் காயம்பட்டுக் கிடக்கும் ஊர்க்காரப் பையன் பீட்டாவுக்கு முத்தம் கொடுக்கிறாள். டிவியில் பார்ப்பவர்கள் காசில், பாராசூட்டில் ஒரு பானை சூப் வந்து இறங்குகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை என்று அவளுக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஒரு காதல் காட்சியில் இவ்வளவு பசியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அப்புறம் ‘ட்வைலைட்’ நாவல்களின் நாயகி பெல்லா. இரண்டாம் பாகத்தில் காதலன், ரத்தக்காட்டேரி எட்வர்ட் விட்டுப்போனதும் அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதப் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள் வரும். கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த வயதில் ஒருத்தன் பேசாமல் போனால் காலண்டர் அப்படித்தான் கிழியும். எனக்குக் குறை வேறு. அப்பா சார்லிக்குச் சமைத்துப் போடுவது அவள்தான்; அந்த உழைப்பைக் கதை திரும்பிப் பார்ப்பதே இல்லை. பெல்லாவை எப்போதும் யாரோ வந்து காப்பாற்றவேண்டியிருக்கிறதே என்ற விமர்சனத்துக்குப் பதிலாக, ஸ்டெஃபனி மேயர் 2015இல் ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி அதே கதையை எழுதினார். சாமர்த்தியமான பதில்தான். எனக்குப் பாதிதான் ஒப்புதல்.

சரி, காட்னிஸ் கதையில் எனக்கு இருக்கும் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். (முழுக்கப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) அவளுடைய தங்கை ப்ரிம் ஆடு வளர்ப்பவள், மூன்றாம் பாகத்தில் டாக்டர் பயிற்சிக்குப் போகிறவள். போட்டியில் கூட்டுச் சேரும் ரூ, பாட்டுப் பாடும் 12 வயதுக் குழந்தை. இரண்டு பேரும் சாகிறார்கள். அந்தச் சாவுகள்தான் காட்னிஸின் கோபத்துக்கு எண்ணெய். சாதுவான பெண்ணைக் கொன்றுதான் முரட்டுப் பெண்ணை வளர்க்கவேண்டுமா?

“ப்ரிம் பொழைச்சிருந்தா அவளை வெச்சு ஒரு புக் எழுதியிருக்கலாம் பெரியம்மா” என்றாள் என் தங்கை மகள். தாராளமாக எழுதலாம். வீட்டுக்கு அடிபட்டவர்களைத் தூக்கி வந்தால் காட்டுப் பக்கம் ஓடிவிடுகிறவள் காட்னிஸ். வைத்தியம் பார்க்கும் அம்மாவோடு நின்று காயத்தைக் கழுவுகிறவள் ப்ரிம்.