பனிப்பாளம் காணாத வன்னியில் பனியுகத்தின் மணல்

பரந்தனில் ஏறிய பேருந்தில் புதுக்குடியிருப்பையும் தாண்டி நின்றுகொண்டே வந்தேன். நடைபாதை முழுவதும் உர மூடைகளை அடுக்கிவிட்டு, நிற்கும் பயணிகளிடமும் முழுக் கட்டணம் வாங்குவது அநியாயம் என்று நடத்துநரிடம் சொல்லியும் பயனில்லை. ஆனால் வட்டுவாகல் பாலத்தடியில் இறங்கியதும் அந்தக் கோபம் தணிந்துவிட்டது. மேற்கே நந்திக்கடல் அசையாமல் கிடக்கிறது, கிழக்கே பெருங்கடல் இரைகிறது, இடையில் இருப்பது ஒரு மணல் திடல் மட்டுமே. முள்ளிவாய்க்காலும் இதே மணலில்தான் இருக்கிறது. 2009 இல் அங்கே மாண்டவர்களை நினையாமல் இந்தக் கரையில் நடக்க முடியாது. நானும் வெகுநேரம் பேசாமல் நின்றேன்.

இந்த மணல் இங்கே எப்படி வந்தது என்ற கேள்விதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துவந்தது. கடைசிப் பனியுகத்தில் இலங்கையில் பனிப்பாளம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பெருமளவு நீர் தரைமீது உறைந்து நின்றதால், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று தரை. மன்னாரிலிருந்து தமிழகத்துக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம். முல்லைத்தீவின் கரையோ இன்றைய கரைக்குப் பல கிலோமீற்றர் கிழக்கே இருந்தது, ஆறுகளும் அந்தத் தாழ்ந்த கடலை நோக்கித் தம் பள்ளத்தாக்குகளை ஆழப்படுத்தின.

பனி உருகக் கடல் ஏறியது. ஏறிய கடல் மணலைத் தரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்து, ஆற்றுப் பள்ளங்களுக்குள் உப்புநீரைப் புகுத்தியது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் அந்த ஏற்றம் தளர்ந்த பிறகுதான், அலைகளுக்கு ஒரே இடத்தில் மணலைக் குவித்துத் திடலாக்க அவகாசம் கிடைத்தது. திடலுக்குப் பின்னால் அடைபட்ட நீர்தான் களப்பு. இடையில் சில காலம் கடல் இன்றைய மட்டத்தைவிட ஒன்றிரண்டு மீற்றர் உயர்ந்தும் நின்றது. அம்பாந்தோட்டைப் பக்கம் கரைக்கு உள்ளே புதைந்து கிடக்கும் சிப்பிப் படுக்கைகள் அதற்குச் சாட்சி.

முல்லைத்தீவில் ஒரு சிறிய கடையில் குத்தரிசிச் சோறும் இறால் கறியும் சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுப் பெறுமதி கிடைத்த ஒரே இடம் அதுதான்; மிளகாய்த்தூளின் காரத்தை மீறி இறாலின் இனிப்பு நாவில் தங்கியது. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் தொடுவாய், அதாவது களப்பு கடலோடு சேரும் வாய், வழியாகக் களப்புக்குள் புகுந்துதான் வளர்கின்றன. மணல் திடலும் அதில் ஒரு வாயும் இல்லாவிட்டால் அந்தக் கறியும் இல்லை.

நாயாற்றுக் களப்புக்குப் போய்வர ஓட்டோக்காரர் 7000 ரூபா கேட்டார். இரண்டு நாள் செலவுக்கென வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் அது. வாதாடி 5000 ரூபாவுக்கு இறக்கினேன், அதுவும் அதிகம்தான். இருந்தாலும் நாயாறு அத்தனைக்கும் தகும். மாரி வெள்ளம் உள்ளிருந்து முட்டி மணலை உடைக்கும், வெள்ளம் வடிந்ததும் அலைகள் வாயைத் திரும்ப மூடும். இந்தக் கரையில் தெற்கே கொக்குத்தொடுவாய் என்று ஓர் ஊரே இருக்கிறது. களப்பு வாயின் பெயரை ஊருக்கு இட்டவர்கள் இந்த மணலை நன்கு அறிந்தவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஈர மணலில் கரிய கீற்றுகள் தெரிந்தன. அவை அழுக்கல்ல. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆறுகளில் வந்த இல்மனைட்டுப் போன்ற பாரமான கனிமங்கள் அவை. வாடைக்காற்றுக்கால அலைகள் இலேசான வெண்மணலை அள்ளிக்கொண்டு போக, பாரமானவை கரையிலேயே தங்கிவிடுகின்றன. புல்மோட்டையில் தோண்டியெடுக்கப்படுவதும் இதே வகை மணல்தான். கையால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்தேன்: வெள்ளையும் கறுப்புமாக மெல்லிய அடுக்குகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஏழு வரை எண்ணியிருப்பேன், அதற்குள் ஓட்டோக்காரர் காத்திருப்புக் கூலி தனி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.