எல்லா நாட்டிலும் அப்படித்தானே சொல்வார்கள்?

"சண்டை நின்னுட்டா அப்பாவுக்கு ஓ.டி. நின்னுடுமா மிஸ்?"

பிளஸ் டூ வகுப்பில், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் போட்டி போட்ட பனிப்போர்ப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. அவள் அப்பாவுக்கு நீலகிரி அருவங்காட்டில், குண்டுகளை உந்தும் மருந்து செய்யும் கார்டைட் பேக்டரியில் வேலை. அந்த வருடம் கிடைத்த ஓவர்டைம் பணத்தில்தான் அவள் அக்காவுக்குக் காலேஜ் பீஸ் கட்டினார்கள். உக்ரைன் போர் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. டிவியில் தினமும் பீரங்கி சுடுவதைக் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறாள்.

நான் சொன்ன பதில் இது: "அப்பா செய்யறது நம்ம ராணுவத்துக்கும்மா. நம்ம நாட்டைக் காப்பாத்தறதுக்கு. வல்லரசுங்க போட்டி போட்டுக்கறது வேற, இது வேற."

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். அதில் சற்று முன்புதான் நான் இரண்டு கட்டம் போட்டு, நடுவே போகவும் வரவும் அம்புக்குறி வரைந்திருந்தேன். ஒரு நாடு தன் பாதுகாப்புக்காக ஆயுதம் சேர்க்கிறது. அடுத்த நாடு அதைத் தன்மீதான மிரட்டலாக எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சேர்க்கிறது. அதைப் பார்த்து முதல் நாடு மேலும் சேர்க்கிறது. ஆயுதப் போட்டியை இப்படித்தான் விளக்கியிருந்தேன்.

"எல்லா நாட்டுலயும் அப்படித்தானே மிஸ் சொல்வாங்க?" என்றாள்.

"ஆமா, சொல்வாங்க" என்றேன். அப்புறம் கியூபா ஏவுகணை நெருக்கடிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு இதைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் பதில் சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். அந்த வகுப்பில் பேக்டரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வெலிங்டன் ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் அப்பா செய்யும் வேலையை முப்பது பேர் முன்னால் உலகப் பிரச்சினைக்கு உதாரணமாக நிறுத்துவது ஆசிரியர் செய்கிற காரியமில்லை. தவிர, நான் சொன்னது உண்மையும்கூட. 1962 அக்டோபரில் அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருசேவும் கியூபாவில் வைத்த ஏவுகணைகளுக்காக உலகத்தையே விளிம்புக்குக் கொண்டுபோன அதே நாட்களில், 20ஆம் தேதி சீனப்படை நம் எல்லைக்குள் இறங்கியது. நம் ஜவான்கள் இமயமலைக் குளிரில், சரியான உடுப்பு இல்லாமல், பழைய .303 துப்பாக்கியோடு நின்றார்கள். ஆயுதமே வேண்டாம் என்று பேசுகிற யாரும் அந்த ஜவான்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி. ஆனால் அப்படி ஒரு 1962 எல்லா நாட்டிடமும் இருக்கிறதே? ரஷ்யாக்காரனைக் கேட்டால் ஹிட்லர் படையெடுத்த 1941 என்பான். அந்தப் போரில் சோவியத் யூனியன் இழந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் உயிர்கள். சீனாக்காரன் 1937இல் ஜப்பான் நுழைந்த கதையைச் சொல்வான். உக்ரைன்காரன் 1994 புடாபெஸ்ட் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுவான்: எங்களிடம் இருந்த அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டோம், எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டார்கள், என்ன ஆனது பாருங்கள் என்பான். இதில் எதையும் பொய் என்று தள்ள முடியாது. தொந்தரவே அதுதான். பொய்க்காரணம் சொல்லிக்கொண்டு சண்டைக்கு வருகிறவனைப் பற்றிப் பாடம் நடத்துவது சுலபம்.

அந்தப் பெண்ணின் கேள்வி என்னை இவ்வளவு தூரம் இழுத்ததற்கு இன்னொரு காரணம் எங்கள் வீடு. கோத்தகிரிப் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை இருந்தது. பறித்த இலையைச் சாக்கில் கட்டி ரோட்டோரம் வைத்தால் பேக்டரி வண்டி வந்து எடை போட்டு எடுத்துக்கொள்ளும். மழைநாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவார், ஒவ்வொரு தடவையும் கழிப்பார்கள். ஆனாலும் விலை இருந்தது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிப் பறிப்பதை விட்டுவிட்டுக் கத்தரி வைத்து, முற்றிய இலை, காம்பு எல்லாமாகச் சேர்த்து வெட்டிப் போட்டாலும் வாங்கினார்கள். "ரஷ்யாக்காரன் வாங்கிக்குவான்" என்பது மலையில் சாதாரணப் பேச்சு.

ரஷ்யாக்காரன் ஏன் வாங்கினான் என்பது நான் கல்லூரியில் படித்தபோதுதான் புரிந்தது. சோவியத் யூனியனோடு நமக்கு இருந்தது ரூபாய் வணிகம், டாலருக்கு அதில் வேலையில்லை. 1962இல் மிக்-21 விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டதில் தொடங்கி, அவர்கள் கடனாகக் கொடுத்த போர் விமானம், டாங்க், கப்பல் ஆகியவற்றுக்கு நாம் பொருளாகத்தான் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பொருட்களில் தேயிலையும் ஒன்று. அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுத்தது, நாம் மாஸ்கோவிடம் வாங்கினோம், 1971இல் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டோம், அந்த டிசம்பரில் வங்கதேசப் போர் நடந்தபோது அமெரிக்காவின் என்டர்பிரைஸ் போர்க்கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. இதெல்லாம் பாடத்தில் தனித்தனிப் பத்தியாக இருக்கும். என் அப்பா கட்டிய சாக்கும் அந்தக் கணக்கில் ஓர் ஓரத்தில் இருந்தது. அவருக்கு அது தெரியாது.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. வகுப்பில் இதை எப்போதும் நல்ல செய்தியாகத்தான் நடத்தியிருக்கிறேன். பெர்லின் சுவர் விழுந்தது, ஐரோப்பாவில் ஏவுகணைகளைக் கழற்றினார்கள், 1986 வாக்கில் 70,000ஐத் தொட்ட அணுகுண்டுகள் குறையத் தொடங்கின. மனித குலத்துக்கு அது நல்ல செய்திதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் அது கெட்ட செய்தியாக, சில வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது. பழைய கடனைப் பொருளாகத் திருப்பும் ஏற்பாட்டில் கொஞ்ச காலம் ஓடியது. 1998இல் ரூபிள் சரிந்தது. இலை விலை விழுந்து, பறிக்கும் கூலிக்கே போதாமல் போனது. சாலை மறியல், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தன. இலங்கைத் தேயிலை, உற்பத்திப் பெருக்கம், நாமே கெடுத்துக்கொண்ட தரம் என்று வேறு காரணங்களும் உண்டு. பழி முழுவதையும் மாஸ்கோமேல் போடுவது நியாயமில்லை. ஆனால் தரம் கெட்டதற்கும் கேள்வி கேட்காமல் வாங்கிய அந்தச் சந்தைதானே பெரிய காரணம்? அப்பா பாதித் தோட்டத்தை விற்றார். மீதிப் பாதியில் என்னை பி.எட். படிக்க வைத்தார்.

ஆக, பனிப்போர் நடந்தவரை எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தப் பெண்ணின் வீட்டில் இப்போது எரிகிறது. "இது வேற, அது வேற" என்று சொல்லும் தகுதி மற்றவர்களைவிட எனக்குக் குறைவு.

இந்த மலையில் அப்படிப் பிரிக்கவும் முடியாது. அருவங்காட்டில் பேக்டரி வந்தது 1903 வாக்கில். ஆப்கானிஸ்தான் வழியாக ரஷ்யா இறங்கிவிடும் என்பது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பெரிய கவலையாக இருந்த காலம் அது. ராணுவ அதிகாரிகள் படிக்கும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் 1947இல் வந்தது, குவெட்டாவில் இருந்த கல்லூரி பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால். ஊட்டி ரோட்டில் பஸ் போகும்போது ஜன்னலில் தெரிகிறதெல்லாம் யாரோ யாருக்கோ பயந்ததால் வந்தவை. தேயிலைத் தோட்டம் மட்டும் அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் அப்பாவைப் பெற்றோர் கூட்டத்தில் பார்த்தேன். அமைதியான மனிதர். பேக்டரி கேட்டில் தீப்பெட்டி, போன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, உள்ளே ஆணி இல்லாத ஷூ போட்டு வேலை செய்கிறவர். எது எங்கே போகிறது என்று வீட்டில் பேசமாட்டார். "பாப்பா ஏதோ கேட்டாளாமே மிஸ்" என்றார். நல்ல கேள்விதான் சார் என்றேன். "ஓ.டி. இல்லாமயும் நாங்க இருந்திருக்கோம் மிஸ். சண்டை நின்னா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு இங்கிலீஷ் மார்க்கைக் கேட்டார்.

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் லேசாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவர் பதில் சொன்னது முதல் கேள்விக்கு. இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

எல்லோரும் "பாதுகாப்புக்காக" என்று சொல்வது இப்போது கூடிக்கொண்டே போகிறது. ராணுவச் செலவுகளை ஆராயும், ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். நம் நாட்டின் பங்கும் அதில் சின்னதில்லை. நடுத்தர தூர ஏவுகணைகளைத் தடுத்த 1987 ஒப்பந்தம் 2019இல் போனது. அமெரிக்காவும் ரஷ்யாவும் நெடுந்தூர அணு ஆயுதங்களுக்கு வரம்பு கட்டிய நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் தன் பங்கை ரஷ்யா 2023இல் நிறுத்தி வைத்தது. 2026 பிப்ரவரி 5ஓடு அதன் ஆயுளும் முடிந்தது. பீரங்கிக் குண்டை உந்தும் மருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும், அது பஞ்சிலிருந்து வருவது. உக்ரைனுக்குக் குண்டு செய்யும் ஐரோப்பா அந்தப் பஞ்சில் பெரும்பகுதியைச் சீனாவிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. சீனாவோ ரஷ்யாவின் நெருங்கிய கூட்டாளி. எதிரிக்கு எதிரான குண்டுக்கு எதிரியின் நண்பனிடம் பஞ்சு! கரும்பலகையில் என் இரண்டு கட்டத்துக்குள் இது அடங்காது.

வரும் வருடம் இந்தப் பாடத்தைக் கியூபாவில் தொடங்காமல் மிக் விமானத்திலும் தேயிலையிலும் தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது, சீனியர் டீச்சர் ஒருவர் வேண்டாம் என்றார். "பிள்ளைங்க குழம்பிடுவாங்க. அப்பா தொழிலையே சந்தேகமாப் பார்க்க ஆரம்பிச்சா வீட்ல என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். அவர் கணவரும் பேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வதைத் தட்ட முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. முதலில் பனிப்போருக்கான காரணங்களை, பரீட்சைக்கு வருகிறபடி, நடத்தி முடித்துவிடுகிறேன். நேரம் மிச்சமிருந்தால் தேயிலைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.