யோயாக்கீமும் பில் ரோலும்

எங்கள் ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாவுக்கு பைபிளில் எரேமியா புத்தகத்தின் 36-ஆம் அதிகாரத்தை நாடகமாகப் போட முடிவானதற்குக் காரணம் பக்தி இல்லை, பட்ஜெட். யோனா கதை என்றால் அவரை விழுங்குகிற மீன் செய்ய வேண்டும், யார் செய்வது? இதற்கு ஒரு சுருளும் ஒரு கணப்பும் போதும். சுருளுக்கு மளிகைக்கடை பில் ரோல், கணப்புக்கு அட்டைப்பெட்டி, சிவப்பு ஜிகினாத்தாள், உள்ளே ஜீரோ வாட் பல்பு.

கதை இதுதான். மக்கள் திருந்தாவிட்டால் அழிவுதான் என்று எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக் ஒரு சுருளில் மையால் எழுதுகிறான். கி.மு. 604 வாக்கில், எருசலேமில் நல்ல குளிர்காலம், யூதாவின் ராஜா யோயாக்கீம் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, யெகுதி என்கிற அரண்மனை ஆள் அதை வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி ஆனதும் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறார். வேண்டாம் ராஜாவே என்று மூன்று பேர் கெஞ்சியும் கேட்கவில்லை. கோபத்தில் மொத்தமாகத் தூக்கி எறிந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம், இவர் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுகிற மாதிரி அவ்வளவு நிதானமாகச் செய்கிறார், அதுதான் எரிச்சல்.

எங்கள் ராஜா ஐந்தாம் வகுப்பு. "வாசிச்சு முடிச்சதை மட்டும்தான் வெட்டணும்" என்று ஐயரம்மா (எங்கள் சர்ச் போதகரை ஐயர் என்போம், இவர் அவர் மனைவி) ஒத்திகை முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், அவனும் தலையாட்டினான். யெகுதியாக வந்த தம்பியோ வசனம் மனப்பாடம் ஆகாமல், யாரிடமும் சொல்லாமல் மொத்தத்தையும் அந்த பில் ரோலிலேயே பேனாவால் எழுதி வைத்திருந்தான்.

முதல் வெட்டுக்கே கைதட்டல். அவ்வளவுதான், ராஜாவுக்கு ஏறிவிட்டது. சரக் சரக்கென்று வாசிக்காத பகுதியும் கணப்புக்குள் போனது. யெகுதி, "பாபிலோன் ராஜா வந்து..." என்றான். கையில் மீதி இல்லை. "வந்து... வந்து..." என்று இழுத்துப் பார்த்தவன், சட்டென்று எழுந்துபோய் நெருப்புக்குள் கையைவிட்டுத் துண்டுகளைத் துழாவ ஆரம்பித்தான். ராஜா பதறிப்போய், "டேய், அது நெருப்புடா, சுட்ரும்!" என்று கத்தினான். முன்வரிசைப் பாட்டிகள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

கடைசியில் ஐயரே மைக்கைப் பிடித்து மீதியைச் சொல்ல வேண்டியதாயிற்று. எரேமியா மறுபடி சொல்ல, பாருக் வேறொரு சுருளில் எரிந்ததை எல்லாம் திரும்ப எழுதினான், போதாததற்கு அதேபோல இன்னும் நிறைய சேர்த்தும் எழுதினான். யோயாக்கீமின் பிணம் பகலில் வெயிலிலும் இரவில் குளிரிலும் கிடக்கும் என்று தீர்ப்பு (கணப்பு காய்ந்தவருக்கு!). மகன் யோயாக்கீன் மூன்றே மாதம் ஆண்டு, கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சரணடைந்தான். இதைக் கேட்டதும் மேடை ஓரத்திலிருந்து, "ஐயரே, எனக்குமா?" என்று ராஜாவின் குரல். ஐயரம்மா முந்திக்கொண்டு, "உனக்கு அந்த முழு அதிகாரமும் நோட்டுல எழுதணும்" என்றார்.

அடுத்த வருஷம் எலிசா தீர்க்கதரிசியாம். அவரை மொட்டைத்தலை என்று கேலி செய்த 42 பிள்ளைகளை இரண்டு கரடிகள் பீறிப்போட்ட கதை. பிள்ளைகளாக வர ஆளே இல்லை, வகுப்பு மொத்தமும் கரடி வேஷம் கேட்கிறது. எலிசாவுக்கு வழுக்கைத்தலை வேண்டுமே என்று பேச்சு வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் ஐயரைப் பார்த்தார்கள்.