தனுஷ்கோடி தேவாலயச் சுவர்

பாழடைந்த கட்டடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது எனக்கு ஆறேழு வருடப் பழக்கம், ஆனால் திரும்பத் திரும்பப் போவது தனுஷ்கோடிக்கு மட்டும்தான்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலோடு சேர்ந்து அந்த ஊரே போய்விட்டது. மிச்சம் நிற்பதில் என்னை விடாமல் இழுப்பது கூரையில்லாத அந்தத் தேவாலயம். பக்கத்தில் போய்ச் சுவரைப் பாருங்கள், பூச்சு உதிர்ந்த இடத்திலெல்லாம் பவளக்கல், தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்களோடு, கடலுக்குள் உயிரோடு வளர்ந்த காலத்து வடிவம் அப்படியே இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும் கொஞ்ச நேரம்தான் அந்தக் குழிகளில் நிழல் நிற்கும், வெயில் ஏறிவிட்டால் சுவர் தட்டையாகிவிடும், அதனால் நேற்று விடிந்ததுமே போய் நின்றுவிட்டேன். நாற்பது படம் எடுத்திருப்பேன், பிடித்தது மூன்று.

ஆனால் போன முறை இல்லாத இரண்டு பெயர்களை யாரோ கல்லில் புதிதாகக் கீறியிருக்கிறார்கள், கீழே வெள்ளையாகத் தூள் கிடந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. விரலால் தேய்த்தாலே உதிர்கிற கல் அது. தயவுசெய்து போகிறவர்கள் சுவரில் ஏறாதீர்கள், ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டைக்கூடப் பெயர்த்து எடுக்காதீர்கள்.

மூன்றாவது படம் அந்தத் தூள்தான். வேண்டுமென்றே போட்டிருக்கிறேன்.