5,550 கிலோமீட்டர் பறக்க எத்தனை மணி நேரம்?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் சுமார் 5,550 கிலோமீட்டர். பூமியின் வளைவை ஒட்டி அளந்த பெருவட்டத் தூரம் இது. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இந்தப் பாதை கிடைக்காது. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே வளைந்து ஏறி இறங்கும். விமானமும் ஏறக்குறைய அப்படித்தான் போகிறது.

அலகையும் கவனியுங்கள். கடல், வான் பயணத்தில் தூரம் அளக்கும் 1 நாட்டிகல் மைல் 1.852 கி.மீ. இதே தூரம் 3,000 நாட்டிகல் மைல் என்று போட்டிருக்கும்போது, சாதாரண மைல் என்று எண்ணி 1.609-ஆல் பெருக்கினால் 700 கி.மீ.க்கு மேல் குறைந்துவிடும்.

தூரம் சரி, நேரம்? மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 6 மணி 10 நிமிடம் வரும். அந்த விடையை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். அட்லாண்டிக் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த உயர்வானக் காற்று ஓடுகிறது. காற்று 150 கி.மீ. வேகம் என்று வையுங்கள். நியூயார்க் போகும்போது எதிர்க்காற்று: தரைவேகம் 750, அதாவது 7 மணி 24 நிமிடம். திரும்பும்போது 1,050, அதாவது 5 மணி 17 நிமிடம். போக வரக் கூட்டினால் காற்றில்லாத நாளைவிட 21 நிமிடம் அதிகம். எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்வதால், இழந்ததைப் பின்காற்று முழுதாக ஈடுகட்டுவதில்லை. 2020 பிப்ரவரியில் பலமான பின்காற்றில் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல, பிளாக் டைம். கேட்டை விட்டு நகர்வதிலிருந்து இறங்கும் ஊரில் கேட்டில் நிற்பது வரை எல்லாம் அதில் சேரும். ரன்வே வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக ஏறி இறங்குவது எல்லாவற்றுக்குமாக அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள். குறுகிய பயணத்தில்தான் இது உறைக்கும்: 500 கி.மீ.க்குக் கணக்கு 33 நிமிடம், டிக்கெட்டில் ஒரு மணிக்கு மேல்.

வான்வெளி மூடினாலும் கணக்கு மாறும். 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி அடைபட்டதும், ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 9 மணியிலிருந்து சுமார் 13 மணி ஆனது. விமான நிலையங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

கடிகாரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நியூயார்க்கில் இரவு 7 மணிக்குக் கிளம்பி லண்டனில் காலை 7 மணிக்கு இறங்கினால் 12 மணி நேரப் பயணமல்ல. லண்டன் கடிகாரம் 5 மணி முன்னால் ஓடுகிறது; அந்த வித்தியாசத்தைக் கழித்தால் 7 மணி. மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் இந்த வித்தியாசம் 4 மணிதான், ஏனென்றால் இரு நாடுகளும் கோடைநேரத்தை (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதை) வெவ்வேறு ஞாயிறுகளில் மாற்றுகின்றன. அந்த வாரங்களில் பயணமென்றால், இரண்டு நேரத்தையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றிவிட்டுக் கழியுங்கள்.