"ரெண்டே பேர்தான் மேடம்"

ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், எதிரே உட்காருபவரிடம், உறவு வைத்துக்கொண்டது "எத்தனை பேர்?" என்றுதான் கேட்பேன். எண் பெரிதாக இருந்தால் எனக்குப் பயம், சிறிதென்றால் நிம்மதி. அந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டது சென்னை காசிமேட்டுக் குடும்பம் ஒன்று. (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

முதலில் வந்தவர் மனைவி. கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரிந்தது. "எனக்கு அவரு ஒருத்தருதான்" என்றார். ஓ.பி. சீட்டை பஸ் டிக்கெட் அளவுக்கு மடித்து வைத்திருந்தார்.

கணவர் விசைப்படகில் போனால் கரைக்குத் திரும்பப் பத்து நாளுக்கு மேலாகும். ஏப்ரல் 15-ல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய பிறகுதான் ஆள் கிடைத்தார். அவருக்கும் இருந்தது. "ரெண்டே பேர்தான் மேடம்" என்றார். பொய் சொல்லவில்லை. எண்ணூர்ப் பக்கத்திலிருந்த அந்த இரண்டாவது பெண்மணியும் பரிசோதனைக்குத் தானாகவே வந்தார். அவருக்கும் இரண்டு பேர்தான்: இவர், அப்புறம் துறைமுகத்துக்குள் போக லாரியோடு வரிசையில் காத்துக் கிடக்கும் ஒரு கன்டெய்னர் டிரைவர். அந்த டிரைவருக்கு வெளியூரில் குடும்பம்.

எல்லோரும் போனபின் ஒரு தாளில் வட்டம் போட்டுக் கோடு இழுத்தேன். யாருக்கும் இரண்டுக்கு மேல் இல்லை. ஆனால் காசிமேட்டு அடுப்படியிலிருந்து யாரோ ஒருத்தியின் வீடு வரைக்கும் கோடு அறாமல் போனது. எங்கள் பக்கம் இதை 'தொடுப்பு' என்பார்கள். ஏளனமாகச் சொல்வதுதான், ஆனால் பயிற்சியில் 'நெட்வொர்க்' என்று கற்றுக்கொடுத்ததற்கு இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தொற்றை ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் பாலம் என்ற அர்த்தத்தில் லாரிக்காரர்களை அங்கே 'பிரிட்ஜ்' என்றார்கள். "பேசின் பிரிட்ஜா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எண்ணிக்கையைவிடக் காலம் முக்கியம். ஓர் உறவு முடிந்து அடுத்தது தொடங்கினால், புதிதாக ஒட்டியது பழையவரிடம் திரும்பிப் போகாது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் இரு பக்கமும் போய்வரும். அதிலும் தொற்றிய முதல் சில வாரங்களில் உடம்பில் வைரஸ் எக்கச்சக்கம், பரிசோதனையிலோ அப்போது பிடிபடாமலும் போகலாம். எங்கள் படிவத்தில் தேதிக்கு இடமே இல்லை.

1986-ல் இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்தச் சென்னையில்தான்; டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சோதித்தது பாலியல் தொழிலாளர்களின் ரத்தம். நோய் 'அவங்க'ளோடது என்ற நினைப்பு அன்றைக்கு ஒட்டியது. 'எத்தனை பேர்?' என்ற என் கேள்வியிலும் அதுதான் இருந்தது.

"முதல்ல யாருக்கு மேடம் வந்துச்சு?" என்று கணவர் கேட்டிருந்தார். நான் போட்ட கோடுகளில் எதற்கும் அம்புக்குறி வைக்க முடியவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன். தொற்று உள்ளவர் ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு வைரஸ் அடங்கிவிட்டால், உறவின் வழியாக அவரிடமிருந்து யாருக்கும் போகாது. அதை மட்டும் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன்.

மனைவியின் கவலை வேறு. மாத்திரை டப்பா குலுங்கினால் மாமியாருக்குக் கேட்குமே என்றார். பஞ்சு வைத்து அடைத்துக் கொடுத்தேன்.